மதுரையில் இரண்டு நாள்: நேரம் பார்த்துச் சுற்ற ஒரு முழு வழிகாட்டி

மதுரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இந்த ஊரில் பட்டியலைவிடக் கடிகாரம்தான் முக்கியம். காலை பதினொன்றரைக்குக் கோயில் வரிசையில் போய் நின்றால், அம்மன் சன்னிதியை நெருங்குவதற்குள் நடை சாத்திவிடுவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மெஸ்ஸில் உட்கார்ந்தால் சோறும் சாம்பாரும்தான் மிச்சம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு அறைக்குப் போய்ப் படுத்தால் மதுரையில் பாதியைத் தவறவிட்டதாக அர்த்தம். தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வரவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி இடவாரியாக அல்லாமல் நேரவாரியாகப் போகிறது.

எந்த மாதம்

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடப்பவருக்கு அது என்னவென்று தெரியும். ஆனால் சித்திரைத் திருவிழா அந்த வெயிலில்தான் வருகிறது. மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேர், சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் வைகையில் இறங்குவது என்று ஊரே தெருவில் இருக்கும். திருவிழாவுக்கென்றே வருவதானால் அறையைப் பல வாரம் முன்பே பிடித்துவிடுங்கள். திருவிழாவும் வேண்டும், நிதானமாகக் கோயிலும் பார்க்கவேண்டும் என்றால் இரண்டும் கைகூடாது. தை முதல் மூன்று நாளும் அப்படித்தான்: அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுக் கூட்டம்.

இறங்கும் இடம், தங்கும் இடம்

ரயிலில் வந்தால் வேலை சுலபம். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஜங்ஷனை விட்டு வெளியே வந்து மேலவெளி வீதியைத் தாண்டி டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் மேலக்கோபுரம் பக்கம் வந்துவிடலாம். லாட்ஜுகளும் இந்தச் சுற்றில்தான் அதிகம்.

பேருந்தில் வருகிறவர்கள் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னை, திருச்சி, நெல்லை, ராமேஸ்வரம் பக்கத்து வண்டிகள் மாட்டுத்தாவணிக்கு வரும். கோவை, திண்டுக்கல், தேனி, கொடைக்கானல் பக்கத்து வண்டிகள் ஆரப்பாளையத்துக்கு வரும். பெரியார் நிலையம் நகரப் பேருந்துகளுக்கு. மாட்டுத்தாவணி கோயிலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கி ஆட்டோ பிடிப்பதைவிடப் பெரியார் போகும் நகரப் பேருந்தில் ஏறிக்கொள்வது காசுக்கு நல்லது. ஆட்டோதான் என்றால் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், அல்லது செயலியில் பதிவு செய்யுங்கள். "பார்த்துக் குடுங்கண்ணே" என்று ஓட்டுநர் சொன்னால், இறங்கும்போது தகராறு வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்குவதற்கு வெளி வீதிகளுக்கு உள்ளே இருப்பதே உத்தமம். மத்தியானம் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுத்து எழ முடிவதில்தான் இந்தத் திட்டம் முழுக்க நிற்கிறது. சொந்தக் காரில் வந்தால் உள்வீதிகளில் நிறுத்த இடம் கிடைக்காது, பாதித் தெரு ஒருவழிப்பாதை, சித்திரை வீதிகளுக்குள் வண்டியே விடமாட்டார்கள். காரை லாட்ஜில் போட்டுவிட்டு நடங்கள்.

தெருக்கணக்கு

பத்து நிமிடம் செலவழித்து இதைப் புரிந்துகொண்டால், வரைபடமே இல்லாமல் சுற்றலாம். கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக வீதிகள். மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அடுத்த சுற்று ஆவணி மூல வீதிகள், அதற்கடுத்து மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. ஆக, "தெற்காவணி மூல வீதி" என்று ஒருவர் சொன்னால், கோயிலுக்குத் தெற்கே இரண்டாவது தெரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் (நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது). கீழமாசி மொத்த மளிகை, தெற்குமாசி ஜவுளி.

மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் மட்டும் இந்தக் கணக்கில் வராது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர் அவை. பிளாக்பர்னுக்கு ஊரார் வைத்த நினைவுத்தூண்தான் விளக்குத்தூண். தெற்குமாசியும் கீழமாசியும் சேரும் அந்த மூலைக்குச் சாயங்காலம் வேறு காரணத்துக்காக வரப்போகிறோம்.

முதல் நாள் காலை: கோயில்

நடை காலை 5 மணியிலிருந்து பகல் 12.30 வரை, பிறகு மாலை 4 மணியிலிருந்து இரவு பத்து மணிவாக்கு வரை. ஏழு மணிக்குள் உள்ளே இருங்கள். வெள்ளிக்கிழமையும் முகூர்த்த நாளும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

போகுமுன் மூன்று விஷயம். ஒன்று, செல்பேசி உள்ளே கிடையாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. அறையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது, இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் காப்பகத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு, அரைக்கால் சட்டை, கையில்லாத உடுப்பு போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்றாவதுதான் பலரும் ஏமாறும் இடம்: செருப்பை எந்தக் கோபுர வாசலில் விட்டீர்களோ அதே வாசல் வழியாக வெளியே வரவேண்டும். உள்ளே நாலு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். கீழவாசலில் செருப்பை விட்டுவிட்டு, பதினொரு மணி வெயிலில் மேலவாசல் வழியாக வெளியே வந்தால், சுடுகல்லில் அரைச் சுற்று ஓட வேண்டியதுதான்.

வழக்கப்படி கிழக்கே அஷ்டசக்தி மண்டபத்து வழியாக நுழையுங்கள். இங்கே முதலில் அம்மன், அப்புறம்தான் சுவாமி. உள்ளே போனதும் பொற்றாமரைக் குளம். அதன் படிக்கட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால், இரண்டு தங்க விமானங்களும் தெற்குக் கோபுரமும் சேர்ந்து தெரிகிற இடம் எதுவென்று தானே புலப்படும். 14 கோபுரங்களில் தெற்கே நிற்பதுதான் உயரம், சுமார் 170 அடி. வயதில் மூத்தது 13ஆம் நூற்றாண்டுக் கிழக்குக் கோபுரம்.

பொது வரிசை, கட்டண வரிசை இரண்டும் உண்டு. அம்மனுக்கு மட்டும் ஒரு சீட்டு, இரண்டு சன்னிதிக்கும் சேர்த்து ஒரு சீட்டு. வார நாளில் ஏழு மணிக்குள் வந்தவருக்குப் பொது வரிசையே போதும்.

அம்மனைப் பார்த்துவிட்டுச் சுவாமி சன்னிதிக்குப் போகிற வழியில் முக்குறுணி விநாயகர். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு மண் தோண்டியபோது கிடைத்தவர் என்பார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முக்குறுணி அரிசியில், அதாவது 18 படியில், ஒரே கொழுக்கட்டை படைப்பதால் இந்தப் பெயர். சுவாமி சன்னிதியில் வெள்ளியம்பல நடராஜரைக் கவனமாகப் பாருங்கள். எல்லா ஊரிலும் இடது கால் தூக்கி ஆடுகிறவர் இங்கே வலது கால் தூக்கி, கால் மாறி ஆடுகிறார். கம்பத்தடி மண்டபத் தூணில் திருமால் தாரை வார்த்துக் கொடுக்கும் மீனாட்சி கல்யாணச் சிற்பம் இருக்கிறது. கூட்டத்தோடு நகர்கிறவர்கள் பெரும்பாலும் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

கடைசியாக ஆயிரங்கால் மண்டபத்துக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணினால் 985 தூண்தான். 1569இல் அரியநாத முதலியார் கட்டியது. இதற்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். அதனாலேயே பலர் போவதில்லை, அதனாலேயே உள்ளே நிம்மதியாக இருக்கும். கோயிலில் ஒரே ஒரு மண்டபம்தான் பார்க்க நேரம் என்றால் இதைப் பாருங்கள். குறவன், குறத்தி, ரதி சிற்பங்களின் பக்கம் நின்று விரல்நகம், நகைக் கண்ணி வரைக்கும் கவனியுங்கள்.

மொத்தம் மூன்று மணி நேரம். காலை உணவை இதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். மதுரையில் இட்லிக்குப் புகழ் அதன் மென்மை. சட்னி மூன்று நாலு வகை வரும், கார சட்னியை முதலில் தொட்டுப் பார்த்து அளவாக வாங்கிக்கொள்ளுங்கள். சைவச் சிற்றுண்டிக்கு மேலச்சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை பழைய பெயர். அங்கே வெள்ளையப்பத்தைக் கேளுங்கள்.

மத்தியானம்: மெஸ்

அசைவம் சாப்பிடுகிறவர்கள் பன்னிரண்டரைக்கே போய்விட வேண்டும். ஒன்றரைக்கு மேல் நல்ல ஐட்டங்கள் தீர ஆரம்பிக்கும். இலை போட்டு, சோறு வைத்து, மட்டன், கோழி, மீன், நண்டு என்று குழம்பை மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். குழம்புக்குக் காசில்லை. காசு தொடுகறிக்கு. ஒருவர் பெரிய தட்டில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கிக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே நீட்டுவார்: சுக்கா, கோலா உருண்டை, ஈரல், ரத்தப்பொரியல், எலும்பு ரோஸ்ட், எறா. கை காட்டியதெல்லாம் இலையில் விழும், பில்லிலும் விழும். நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கொன்று வேறு வேறாகச் சொல்லிப் பகிர்ந்துகொள்வதே சரி. விலை கேட்பதில் கூச்சம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

அயிரைமீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். விரல் நீளம்கூட இல்லாத ஆற்றுமீன். மண்ணைத் தின்று வாழ்வதால், உயிரோடு வாங்கி உப்பும் பாலும் கலந்த நீரில் விட்டு வயிற்று மண்ணைக் கக்கவைத்து, பிறகு உரசிக் கழுவி முழுசாகப் போடுவார்கள். அவசரமாகச் செய்த குழம்பில் பல்லில் மண் நறநறக்கும். அதுதான் கடையின் தரத்துக்குச் சோதனை. வேலை அதிகம், வரத்துக் குறைவு, அதனால் விலையும் அதிகம்.

சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுங்கள். கோயில் மூடியிருக்கிறது, வெயில் கொளுத்துகிறது, வெளியே ஒரு வேலையும் இல்லை.

மூன்றரை மணிக்கு மேல்: மகாலும் அதன் மிச்சமும்

திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான். பேரனான சொக்கநாத நாயக்கர் காலத்தில் நிறையப் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணாந்து பார்க்கவைக்கிற சுதைத் தூண்களுக்காகவும் வளைவுகளுக்காகவும் போகலாம். முக்கால் மணி நேரம் போதும். மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. குழந்தைகளோடு வந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்துக்குத் தெருவே சுவாரசியம்.

வெளியே வந்து விளக்குத்தூணை நோக்கி நடக்கையில் பத்துத்தூண் சந்தைக் கேட்டுப் போங்கள். அரண்மனையோடு சேர்ந்திருந்த கட்டடத்தின் பத்துப் பிரம்மாண்டக் கல்தூண்கள், கூரையில்லாமல், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. சீட்டில்லை, வாசலில்லை. தூணில் கடைக்காரர் தொங்கவிட்ட நைட்டிகள் ஆடிக்கொண்டிருக்கும். மகாலைவிட இதுதான் மனதில் நிற்கும் என்பது எங்கள் கட்சி.

விளக்குத்தூண்: ஜிகர்தண்டா

குவளைக்குள் நடப்பது இது. அடியில் ஊறவைத்த பாதாம் பிசின், சில கடைகளில் கடற்பாசி. அதன்மேல் நன்னாரி சர்பத். பிறகு சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், அதன் நிறம் வெள்ளையாக இருக்கக்கூடாது, மங்கிய சந்தன நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். மேலே கடையிலேயே செய்த ஐஸ்கிரீம். ஸ்பெஷல் என்றால் பாலாடையும் கூடுதலாக விழும். கலக்கிவிட்டுக் குடித்தால் வெறும் இனிப்புப் பால். மேலிருந்து கரண்டியால் பாதி ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் அடிவரை ஒரே ஒரு தடவை கிளறுங்கள். இனிப்புத் தூக்கலாகத் தெரிந்தால் அடுத்ததற்கு "சர்பத் கம்மியா" என்று சொன்னால் போதும். ஊரெங்கும் பலகை இருக்கிறது. பால் வெள்ளையாகவும் ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்தும் வருகிற இடத்தில் குடித்துவிட்டு மதுரையைக் குறை சொல்லாதீர்கள்.

வீட்டில் செய்துபார்க்கப் பாதாம் பிசின் வாங்கினால் கொஞ்சமாக வாங்குங்கள். ஒரு மேசைக்கரண்டிப் பிசினை நிறையத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் பாத்திரம் நிறையும், நாலு பேருக்குத் தாராளம். ஒரு லிட்டர் பாலை அரை லிட்டராகச் சிறுதீயில் சுண்டவைக்க வேண்டும். தீயைக் கூட்டினால் அடிப்பிடித்த வாசம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ராத்திரி: பள்ளியறை, பிறகு கறிதோசை

எட்டரை, எட்டேமுக்காலுக்கு மறுபடி கோயில். ஒன்பது மணிக்கு மேல் சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் புறப்பட்டு மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகும். மேளமும் நாதஸ்வரமும் கல் மண்டபத்தில் எதிரொலிக்க, பகலில் பார்த்த அதே இடம் வேறாக இருக்கும். காலையில் கோயிலுக்குப் போயிருந்தாலும் இதற்காக இன்னொரு முறை போகலாம்.

பிறகு சிம்மக்கல். கறிதோசைக்குப் பேர்போன கோனார் கடை அங்கேதான். கல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் நில்லுங்கள். ஊத்தப்பத்தைவிடக் கொஞ்சம் மெலிசாக மாவை ஊற்றி, வேகும்போதே முட்டையை உடைத்துப் பரப்பி, அது இறுகுமுன் மசாலாவில் வெந்த கொத்துக்கறியை மேலே கொட்டிக் கரண்டியால் அழுத்துவார். பிறகு ஒரே திருப்பு. கறி கல்லில் படும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கறிதோசையின் ருசி இருக்கிறது. திருப்பியதும் எடுத்துவிட்டால் ஈரமாக இருக்கும். ஒன்று இரண்டு பேருக்குப் போதும். முதல் தடவை ஆளுக்கொன்று சொல்லாதீர்கள்.

இரண்டாம் நாள்: மலை, மியூசியம், கீழடி

காலை ஆறு மணிக்குக் கிளம்பிச் சமணர் மலை. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை பக்கம், கீழக்குயில்குடியில் இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும். அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம்: சுனைக்கு மேலே பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசை, கீழே வட்டெழுத்து. மகாவீரர் பெரிதாக அமர்ந்திருக்கும் செட்டிப்புடவு இதே மலையின் இன்னொரு பக்கம், தனி வழி. ஒரே ஏற்றத்தில் இரண்டும் வரும் என்று நினைத்து மேலே தேடி அலைய வேண்டாம். தண்ணீர் கொண்டுபோங்கள், மேலே கடை கிடையாது. எட்டரைக்குள் இறங்கிவிட்டால் பாறைச் சூட்டில் சிக்கமாட்டீர்கள்.

பத்து மணிக்குத் தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு அவர் மாறியதும் மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22இல், மேலமாசி வீதி வீட்டு மாடியில். அந்தக் கட்டடத்தில் இப்போது காதிக் கடை நடக்கிறது. முந்தைய நாள் வழியில் பார்க்காமல் விட்டிருந்தால் இன்று பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தல்லாகுளத்திலேயே நல்ல மெஸ்கள் உண்டு. மூன்று மணிக்குக் கீழடி. ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டி, நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கீறிய பானையோட்டில் பெயரை நீங்களே எழுத்துக்கூட்டிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். கீழடியும் சமணர் மலையும் ஊருக்கு எதிரெதிர்ப் பக்கம். ஒரே அரை நாளில் இரண்டையும் போட்டால் நேரமெல்லாம் சாலையில் போய்விடும். காந்தி அருங்காட்சியகம், கீழடி இரண்டுக்கும் வாரவிடுமுறை உண்டு. முந்தின இரவே பார்த்துக்கொண்டு, தேவையானால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் ஐந்தரைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது, பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. நடுவில் மைய மண்டபம். கரையைச் சுற்றித் தீனிக்கடைகள். பருத்திப்பால் தள்ளுவண்டி கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கு, ஏலக்காய் தட்டிப்போட்டுக் காய்ச்சியது. மேலே தேங்காய்த் துருவல். சூடாகக் குடிக்க வேண்டும், ஆறினால் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும்.

வாங்கிப் போக

சுங்குடி. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் முடிச்சுப் போட்ட அசல் சுங்குடியில் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது. முடிச்சிட்ட இடத்தில் துணி லேசாகச் சுருங்கி, தடவினால் விரலுக்குத் தட்டும், இரண்டு பக்கமும் நிறம் இறங்கியிருக்கும். புள்ளி எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே அளவு, துணி வழவழப்பு என்றால் அது அச்சுச் சேலை. அதுவும் கெட்டதில்லை, அந்த விலைக்கு வாங்கினால் சரி. முதல் இரண்டு துவைப்பு தனியாக, உப்புப் போட்ட தண்ணீரில்.

மல்லிகையை ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டும் வாங்குங்கள். மொட்டாக இருக்கவேண்டும், விரிந்தது போய்ச் சேருமுன் வதங்கிவிடும். வாழை இலையில் சுற்றித் தரச்சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் தெளித்து இறுக்கிக் கட்டினால் வெந்து பழுப்பாகும். முகூர்த்த நாளிலும் குளிர்மாதத்திலும் விலை பலமடங்கு ஏறும், கடைக்காரரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ராத்திரி ரயிலுக்கு நேரம் இருந்தால் ஒரு பரோட்டாக் கடை. கொத்துப் பரோட்டா சத்தம் கேட்கும் திசையில் நடந்தால் போதும். தடித்து உப்பிய பன் பரோட்டா கேட்டு, சால்னாவை அதன்மேல் ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். ஜங்ஷன் போகும் வழியில் பிரேமா விலாஸ் அல்வா சூடாகக் கிடைக்கும். வாழையிலைத் துண்டில் நின்றுகொண்டே தின்ன ஐம்பது கிராம், வீட்டுக்கு அரைக் கிலோ. சூடாகக் கட்டிய பொட்டலத்தைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தால் விடியும்போது சட்டையெல்லாம் நெய்யாகியிருக்கும், கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.